சிவாவுக்கு: நாலு அடுக்குப் பலகையும் அந்த ரெண்டாம் பின்னும்

ஹட்டன்

அன்பின் சிவா,

நலம்தானே? பண்டாரவளையில் நல்ல வெயிலாம். இங்கே தென்மேற்கு மழை பிடித்தால் விடாது, உனக்குத் தெரியாததா. வீட்டில் எல்லோரும் சுகம்.

உன் சர்க்கிட் பலகையின் லேஅவுட்டையும் ஸ்கோப் படத்தையும் பார்த்தேன். ரெண்டு செப்பு அடுக்குப் பலகையில் அடக்கமாக இருந்த ஓபிஏ656 பெருக்கி ஐசி, நாலு அடுக்குக்கு மாற்றியதும் சதுர அலையின் விளிம்பில் துள்ளுகிறது என்கிறாய். ஐசியைத் திட்டாதே மச்சான். கிரவுண்ட் பிளேன், அதாவது கிரவுண்டோடு சேர்ந்த அகலமான செப்பு அடுக்கு, மேல் செப்புக்குக் கிட்ட வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார். பழைய பலகையில் செப்புக்கும் பிளேனுக்கும் நடுவே 1.6 மில்லிமீற்றர் எஃப்ஆர்4 (பலகையின் கண்ணாடியிழைப் பொருள்); சதுர மில்லிமீற்றருக்கு 0.024 பிக்கோஃபாரட் கொள்ளளவுதான் வரும். புதியதில் அந்த இடைவெளி 0.2 மில்லிமீற்றர். எட்டு மடங்கு! ரெண்டாம் பின், அதன் பாதை, ரெண்டு ரெசிஸ்டரின் பேட் எல்லாம் சேர்த்து நெகடிவ் இன்புட்டில் 10 சதுர மில்லிமீற்றர் செப்பு விட்டிருக்கிறாய். அதுவே 2 பிக்கோஃபாரட். ஐசிக்குள்ளேயே இருப்பது கிட்டத்தட்ட 3.5. உன் ரெண்டு 1 கிலோ ஓமும் சமாந்தரமாக 500 ஓம். ஆக 58 மெகாஹேர்ட்ஸிலேயே பீட்பேக் (அவுட்புட்டிலிருந்து நெகடிவ் இன்புட்டுக்குத் திரும்பும் சிக்னல்) பின்தங்கத் தொடங்கும். பெருக்கி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற இடம் அது. துள்ளாமல் என்ன செய்யும்?

ரெண்டு வேலை செய். ரெசிஸ்டர் ரெண்டையும் 250 ஓமாக்கு. அதே கொள்ளளவோடு அந்த எல்லை 230 மெகாஹேர்ட்ஸுக்குப் போய்விடும். அவுட்புட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் சுமைதான், இந்த ஐசி தாங்கும். அடுத்தது, 2ஆம் பின்னுக்கும் அவுட்புட்டான 6ஆம் பின்னுக்கும் கீழே எல்லா அடுக்கிலும் பிளேனை வெட்டி எடு, பவர் பிளேனையும்தான். பின்னும் பேட்டும் இருக்கிற அளவுக்கு வெட்டினால் போதும், பலகை முழுக்க ஓட்டை போடாதே. பீட்பேக் ரெசிஸ்டரை ஐசியைச் சுற்றி இழுத்திருக்கிறாய். அதை அடிப்பக்கம் ஐசிக்கு நேர் கீழே வை, பாதையின் நீளம் பாதியாகும். ஐசிக்குச் சொக்கட் போட ஆசைப்படாதே.

பீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1 பிக்கோ கெப்பாசிட்டர் போட்டாலும் துள்ளல் அடங்கும், ஆனால் பட்டை அகலம் குறையும். கரண்ட் பீட்பேக் என்கிற வேறு வகைப் பெருக்கி ஐசியில் மட்டும் இதைச் செய்துவிடாதே, ஊசலாட ஆரம்பித்துவிடும்.

சப்ளை பக்கம் பார்த்தால், இன்புட்டில் கெடுத்த பிளேனின் நெருக்கமே இங்கே கைகொடுக்கிறது. பிளேன் 0.2 மில்லிமீற்றர் ஆழத்தில் இருப்பதால் வயா (அடுக்குகளை இணைக்கும் செப்புத் துளை) குட்டையாகிவிடும். ஆனால் நீ சப்ளையின் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களின் கிரவுண்ட் முனையை 10 மில்லிமீற்றர் தள்ளி, ரெண்டு சப்ளைக்கும் பொதுவான ஒரே வயாவில் இறக்கியிருக்கிறாய். அந்தப் பாதையே 3 நானோஹென்றி. 100 மெகாஹேர்ட்ஸில் கிட்டத்தட்ட 2 ஓம். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் பேட்டை ஒட்டியே தனித்தனியாக ரெண்டு வயா போடு. 6.8 மைக்ரோ டான்டலம் கெப்பாசிட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால், காசு செலவில்லாத ஒரு சோதனை. ப்ரோபின் முதலைக் கிளிப் வயரைக் கழற்றிவிட்டு, நுனியோடு ஒட்டுகிற சின்ன ஸ்பிரிங்கை மாட்டிப் பார். 15 சென்ரிமீற்றர் வயருக்கு 150 நானோஹென்றி வரும். ப்ரோபின் 10 பிக்கோவோடு சேர்ந்தால் 130 மெகாஹேர்ட்ஸில் தானாகவே மணி அடிக்கும். நீ பார்க்கும் துள்ளலில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

பலகை தேயிலைப் பெக்டரிக்குப் போவதென்றால் பிளக்ஸை ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பூச்சுப் பூசு. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் ஒளியை உணரும் போட்டோடயோட் பக்கத்தில் மின் கசிவு தொடங்கும்.

அவுட்புட்டிலிருந்து போகிற கோஎக்ஸ் கேபிள் எத்தனை மீற்றர் என்று நீ எழுதவில்லை. நீளம் எதுவானாலும் 6ஆம் பின்னை ஒட்டி 50 ஓம் தொடரில் போடு. மறுமுனையிலும் 50 ஓம் வைத்தால் சிக்னல் பாதியாகும், அதைக் கணக்கில் எடு. பலகைக்கு ஓடர் கொடுக்க முன்னால் கேர்பரை (பலகை செய்பவர்களுக்குக் கொடுக்கும் வரைபடக் கோப்பை) எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரவி