மழை நோட்டு எழுதும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கம்பத்திலிருந்து மாமா எழுதுகிறேன். வானிலைத் துறைக்குத்தான் போவேன் என்று நீ உறுதியாக நிற்பதையும், அதற்கு எந்தப் பட்டம் எடுப்பது என்று மலைக்கு மேலே, கேரளத்து வண்டிப்பெரியாற்றில் ஆளுக்கொன்று சொல்வதையும் அக்கா சொன்னாள். என் பேச்சுக்கு இடமிருந்தால், இளநிலையில் இயற்பியலை எடு; கணிதத்தைக் கைவிடாதே.

நான் படித்தது புவியியல். அந்தப் பாடத்தின் மேல் எனக்குள்ள பற்று இன்றும் குறையவில்லை. ஆனால் 2017இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கான அறிவிப்பைக் கையில் எடுத்தபோதுதான், பட்டத்தில் இயற்பியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், முதல் வகுப்பும் வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. கணினி அறிவியல் பட்டமும் மின்னணுவியல் பட்டயமும்கூட ஏற்கப்பட்டிருந்தன; என் பட்டத்துக்கு இடமில்லை. அந்த வரியை மூன்றாண்டுகளுக்கு முன்பே தேடிப் படித்திருக்க வேண்டியவன் நான்.

வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, நிலச்சரிவில் மண் மூடி 70 பேரைக் கொண்டுபோன பிறகு, எஸ்டேட் ஆபீஸ் முற்றத்து மழைமானியைக் காலை எட்டரைக்கு அளக்கப் போகும் அப்பாவோடு நீயும் போகத் தொடங்கினாய். அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீரின் மேற்பரப்பு வளைந்திருக்கும் இடத்தில் அடிவிளிம்பைப் பார்த்து மில்லிமீட்டரை எழுதுவாய். ஜூலையில் உன் நோட்டில் பக்கங்கள் நிறைகின்றன; அதே நாளில் குமுளி மலைப்பாதையில் இறங்கி வந்தால், இங்கே திராட்சைத் தோட்டத்து வரப்பில் புழுதி பறக்கிறது.

அரபிக்கடலின் ஈரக்காற்று மலையேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் திரளும் வரை இந்தக் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி செல்சியஸ். திரளத் தொடங்கியதும், நீராவி நீர்த்துளியாகும்போது அதனுள் அடங்கியிருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் அந்தக் குளிர்ச்சி மட்டுப்படுகிறது. உங்கள் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும் காற்று அமுங்கிச் சூடேற, எஞ்சிய மேகமும் கரைந்துவிடுகிறது. மழைமறைவுப் பகுதி என்ற பெயர் எனக்கு வகுப்பில் கிடைத்தது. எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு குளிரும் என்று கணக்கிடும் வெப்ப இயக்கவியல் கிடைக்கவில்லை. நாளைய மழையைச் சொல்லும் கணினி மாதிரிகளும் காற்றின் இயக்கச் சமன்பாடுகளைத்தான் தீர்க்கின்றன. வகைக்கெழுச் சமன்பாடு தெரியாதவருக்கு அவற்றின் உள்ளே நுழைய வழியில்லை.

உன் பக்கத்து ஊரான பீருமேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணியை நினைத்துக்கொள். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தவை இயற்பியலும் வேதியியலும். 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்து, துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பட்டத்தின் பெயரில் வானிலை என்ற சொல் இல்லையே என்று உன்னிடம் சொல்பவர்களுக்கு இது போதும்.

வானிலையியல் என்ற பெயரோடு படிக்க முதுநிலையில் இடமுண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் நுழைவுத் தேர்வுக்குக் கடைசி ஆண்டில் நீ தயாராக வேண்டும். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இடையில் பைத்தானில் நிரல் எழுதப் பழகிக்கொள். பயிருக்கான வானிலையில் விருப்பம் வந்தால், அது வேளாண் பட்டத்தின் வழியே போகும் வேறு பாதை.

கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும்போது முதன்மைப் பாடமாக இயற்பியலையும், துணைப்பாடமாகக் கணிதத்தையும் சேர்த்துத் தரும் கல்லூரியா என்று கேட்டுத் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம். மழை நோட்டையும் எடுத்து வை.

அன்புடன்,
மாமா