ஓடுகிற காரை லாரியில் ஏற்ற வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வண்டிகளின் பதிவுக் கோப்புகளைக் கவனிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதனால் கதையை ஆதியிலிருந்து சொல்லப் போவதில்லை. 1966-ல் வண்டலூர் தொழிற்சாலையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு. தாத்தா வாங்கியது, பிறகு அப்பா பெயருக்கு மாறியது. நடுவில் பல வருடம் ஷெட்டில் தூசி படிந்து நின்றதை, அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவரும் என் மகனுமாகச் சேர்ந்து மறுபடி ஓட வைத்தார்கள். அதன் பதிவு எண் உங்கள் கணினியில் இல்லை. ஆர்.சி. புத்தகம் எங்கள் பீரோவில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துக் கணினியில் ஏற்றிக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கேட்டதற்கு, வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் வண்டி சாலையில் வர இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் போடப் போனால், எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணினியில் விவரம் வரவில்லை என்கிறார்கள். புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்திலும் இதே பதில். இந்த இரண்டும் இல்லாமல் ஓட்டி வந்தால் வாசலிலேயே உங்கள் ஆட்கள் அபராதம் போடுவார்கள், போடவும் வேண்டும். கணினியில் ஏற்ற வண்டி வர வேண்டும், வண்டி வர அது முதலில் கணினியில் ஏற வேண்டும். இதற்கு என்ன வழி என்று கவுன்டரில் கேட்டபோது, "லாரியில வெச்சு எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் ஒருவர். அவர் கேலி செய்வதாக நினைத்தேன். இல்லை, உண்மையாகவே சொல்லியிருக்கிறார்.

சரி, வைத்து எடுத்து வந்தோம். காலையில் வந்த ரெக்கவரி லாரிக்காரத் தம்பி நல்ல பையன். ஆனால் அவனுக்கு ஹெரால்டு புதிது. முன்பக்கம் குனிந்து, சக்கரத்துக்கு உள்ளே கைக்கு அகப்பட்ட இடத்தில் சங்கிலிக் கொக்கியை மாட்டப் போனான். அப்பா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அந்த இடத்தில்தான் ட்ரன்னியன் என்கிற பித்தளைப் பாகம் இருக்கிறது. முன் சக்கரம் திரும்புவதே அதன் மரையில்தான். அதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆயில் வற்றினால் உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து, சக்கரம் மடிந்துவிடும். கிரீஸ் கன்னை எடுத்து ஒரு அடி அடித்தால் போதும் என்று நினைத்த மெக்கானிக்குகளிடம் சிக்கி இப்படிப் போன ஹெரால்டுகள் நிறைய. அப்பா அதை வெளியூரிலிருந்து வரவழைத்து, தானே கழற்றி மாட்டியவர். என் மகனுக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுத்த வேலையும் அதற்கு ஆயில் விடுவதுதான். கொக்கியை எங்கே மாட்டலாம் என்று தரையில் படுத்துக் காட்டிவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லாரியில் ஏறி உட்காரச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார். பின்னால் ஆட்டோவில் வந்தார். ஒரு தட்டு தட்டினால் பிடித்துக்கொள்கிற இன்ஜின். அதைக் கட்டிப்போட்டு எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தவரின் முகத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

வந்து என்ன நடந்தது? ஆய்வாளர் லாரியைச் சுற்றி ஒரு நடை வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. சேஸிஸ் எண் என்ன இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். 17 எழுத்து எண் என்ற வழக்கம் வருவதற்கு முன்பே பிறந்த வண்டி ஐயா, இருப்பதைத்தானே காட்ட முடியும்? அப்புறம், அந்த வருடத்துப் பதிவேடு கிடைக்கவில்லை, கரையான் அரித்திருக்கலாம், எதற்கும் முதலில் கார் விற்ற டீலரின் பில்லைக் கொண்டு வாருங்கள் என்றார். ஸ்டாண்டர்டு கம்பெனி கார் செய்வதை நிறுத்தியே முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பதிவேடு உங்களுடையது, கரையானும் உங்கள் அலுவலகத்துக் கரையான். பில்லை மட்டும் நாங்கள் தேட வேண்டும். எங்கள் ஆர்.சி. புத்தகத்தில் தாத்தாவின் பெயர், பெயர் மாற்றம், வரி கட்டியது, புதுப்பித்தது என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. ஒவ்வொன்றும் உங்கள் துறை குத்தியது, கீழே அன்றைய அதிகாரியின் கையெழுத்து. உங்கள் துறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை உங்கள் துறையே நம்பவில்லை என்றால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

ஒரு மாற்று வழியும் சொன்னார்கள். "பேசாம வின்டேஜ்ல போட்டுடுங்க." அந்த விதியையும் படித்தோம். 2021 ஜூலையில் வந்தது. 50 வயது தாண்டிய, உருமாற்றாத வண்டிகளுக்கு. நல்ல விதிதான், வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவருகிறவர்களுக்குப் பெரிய உதவி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்தோடு புது எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வண்டி ஏற்கெனவே பதிவானது என்று சாட்சி சொல்லத்தான் உங்கள் கணினியில் ஆள் இல்லையே! ஆக, இந்த மாநிலத்துச் சாலையைத் தவிர வேறு சாலையையே பார்க்காத ஒரு கார், இன்றைக்குத்தான் கப்பலில் வந்து இறங்கியதுபோல் 20,000 கட்டிப் புதுப் பெயர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி வாங்கினாலும் கண்காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்கள் வீட்டில் இது காட்சிப் பொருள் இல்லை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக, மார்க்கெட்டுக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டத்தான் இத்தனை பாடுபட்டது. வருடத்துக்கு ஒரு தடவை பழைய கார் பேரணி என்றால் பெரியவர்கள் வந்து கொடியசைத்து, பாரம்பரியம் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாரம்பரியத்துக்கு மறுநாள் இன்சூரன்ஸ் கிடைக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

பெட்ரோல் என்றதும் அதுவும் ஞாபகம் வருகிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் டயஃப்ரம் என்கிற சவ்வும் இதற்காகச் செய்ததில்லை, ஊறி உப்பிப் போகின்றன. என் மகன் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. இது போதாதென்று, 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணத்தை 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டியை ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நேரடியாகச் சொல்லிவிடலாம், நாங்களும் காயலான் கடையைப் பார்த்துக்கொள்வோம். பெட்ரோல் உங்கள் துறை இல்லை என்று தெரியும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் துறை செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன். ஆர்.சி. புத்தகத்தை ஆதாரமாக ஏற்று, பழைய எண்ணையே கணினியில் ஏற்றிக் கொடுங்கள். புதுப்பிக்காமல் விட்ட வருடங்களுக்குக் கட்டணமோ அபராதமோ எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டுகிறோம். சேஸிஸ், இன்ஜின் எண்களைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளும், புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகலும் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம், இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். இதே பிரச்சினையில் மாட்டிக்கொண்டு, பேசத் தெரியாமல் பழைய அம்பாசடரையும் பியட்டையும் எடைக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்குச் செய்வதை அவர்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்து ஓர் உத்தரவாகப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

வண்டியை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் தயவுசெய்து ஆய்வாளரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். லாரி வாடகை இன்னொரு முறை எங்களால் ஆகாது, அப்பாவாலும் ஆகாது. வருகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அதைத் திறக்கும் கொக்கி இரண்டு பக்கமும் வெளியிலேயே இருக்கிறது. உள்ளே தேட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு ஹெரால்டு வீட்டுப் பெண்