பாஸ்கர்வில்லும் ஒரு பழைய குறும்பும்

திருவல்லிக்கேணி, சென்னை.

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலையா? எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்தெல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரிகிறது. சும்மா இருக்க முடியாமல் பையனின் டிடிபி கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றோடு வந்தார். நான் பாஸ்கர்வில் என்ற ஆங்கில எழுத்துருவில் நாலு பக்கம் கோர்த்துக் காட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு கிறுக்கு. சின்ன 'ஜி'யைப் பார், அடி வளையம் மூடாமல் திறந்தே நிற்கும். பெரிய 'க்யூ'வின் வால் பக்கத்து எழுத்துக்கும் அடியில் நீளும். தடித்த கோடு நல்ல தடிமன், மெல்லியது முடி மாதிரி, கோட்டு முனையில் செரிஃப் என்கிற கூரான சின்ன நீட்டல். அதை வரைந்த ஜான் பாஸ்கர்வில் அச்சுக்கு வருமுன் பர்மிங்காமில் கையெழுத்து வாத்தியார், கல்லறைக் கல்லிலும் எழுத்து வெட்டியவர். உளி பிடித்த கை என்பது பார்த்தாலே தெரியும்.

பேராசிரியர் முகம் சுளித்தார். "ரொம்ப மெல்லிசு சார், கண்ணை உறுத்துது. வழக்கமான டைம்ஸ் எழுத்தே போடுங்க."

இதே புகாரை பாஸ்கர்வில் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கிறார். இந்த எழுத்து நாட்டில் படிப்பவர் கண்ணையெல்லாம் குருடாக்கும் என்று ஒருவர் சொன்னாராம். அச்சுத் தொழில் தெரிந்த அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கேஸ்லன் என்ற வேறொரு எழுத்து வார்ப்பாளரின் மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில் எழுத்து என்று அவரிடம் நீட்டினார். அந்த ஆள் அதிலும் வரிசையாகக் குற்றம் காட்டி, கண் வலிக்கிறது என்றாராம். வாழ்நாளெல்லாம் வலியில்லாமல் படித்த எழுத்து! 1760இல் பாஸ்கர்வில்லுக்கே கடிதம் எழுதி இதைச் சொன்னார் ஃபிராங்க்ளின்.

எனக்கும் குறும்பு வந்தது. ஒரே பக்கத்தை இரண்டு எழுத்திலும் எடுத்து, தலைப்பில் பெயரை மாற்றிப் போட்டேன். மனிதர் 'டைம்ஸ்' என்று போட்டிருந்த பாஸ்கர்வில்லைத் தொட்டு, "இதுதான் இதம்" என்றார்!

ஆனால் அவர் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. மட்டமான தாளில் அந்த மெல்லிய கோடு உடைந்துவிடும். அதனால்தான் பாஸ்கர்வில் எழுத்தோடு நிற்காமல் தாளையும் மையையும் மாற்றினார். 1757இல் அவர் அச்சிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலில் அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். நான் எண்பது ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற நல்ல தாளுக்குப் பேராசிரியரைச் சம்மதிக்க வைத்தேன், அவ்வளவுதான். இடையில் வரும் தமிழ் மேற்கோள்கள்தான் பாடாய்ப் படுத்தின. ஒரே அளவில் போட்டால் தமிழ் பெரிதாகத் தெரிகிறது, ஒன்றரைப் பாயிண்ட் குறைத்தேன். கம்போசிங் ஸ்டிக்கில் ஈய எழுத்தைக் கையால் கோர்த்த நம் காலத்தில் இப்படி அரைப் பாயிண்டுக்கு எங்கே போவது?

ஃபிராங்க்ளின் அந்த ஆளிடம் அன்று உண்மையைச் சொல்லவில்லை, சங்கடப்படுவாரே என்று விட்டுவிட்டார். பேராசிரியர் புதன்கிழமை கடைசி புரூஃப் பார்க்க வருகிறார். என் வாய் உனக்குத் தெரியும்.

அன்புடன்,
கோபால்