சேஃப்டி போட்டிருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். படங்கள் அருமை. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது: ‘சேஃப்டி போடப்பட்டிருப்பதால் பயமில்லை’ என்று கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் ஆர்மரராகத் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த 1873 மாடல் கோல்ட்டில் சேஃப்டி லீவர், அதாவது தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் நெம்புகோல், என்று ஒன்று கிடையவே கிடையாது. குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) பின்னால் இழுத்தால் நாலு தடவை ‘க்ளிக்’ கேட்கும். அதில் முதல் க்ளிக்கைத்தான் சேஃப்டி என்கிறார்கள். குதிரையின் அடியில் வெட்டிய ஒரு சின்னக் காடியில் விசையின் (விரலால் அழுத்தும் டிரிகரின்) நுனி போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அந்த நுனி கிட்டத்தட்ட நகத்தின் விளிம்பு மாதிரி மெல்லியது. நூறு வருடம் தேய்ந்தது போக, விசை லேசாக இருக்கட்டும் என்று யாராவது வீட்டில் அரம் போட்டும் இருப்பார்கள். துப்பாக்கி கைதவறிக் குதிரை தரையில் மோதும்படி விழுந்தால் நுனி முறியும், இல்லையென்றால் காடியின் உதடு பெயரும். தோட்டாவைக் குத்தும் முள் குதிரையோடேயே சேர்ந்திருப்பதால் அப்புறம் தடுக்க எதுவும் இல்லை. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சுழலும் உருளையில் உள்ள ஆறு தோட்டா அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலி அறை மேல் குதிரையை இறக்கி வைத்தார்கள். இதே வடிவத்தில் ரிவால்வர் செய்த ரூகர் கம்பெனி 1973இல் உள்ளமைப்பையே மாற்றியது. விசையை அழுத்தினால் மட்டும் ஒரு தகடு மேலே வந்து, குதிரை அடிக்கும் அடியை முள்ளுக்குக் கடத்தும்.

லீவர் உள்ள துப்பாக்கி என்றால் நம்பலாமா? எங்கள் படைப்பிரிவின் நினைவுக்கூடத்தில் இருந்த ஜெர்மானிய லூகர் பி-08 ஒன்றை ஒருமுறை சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். இடப்பக்கம் பின்னால் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் ‘கெஸிஷெர்ட்’ என்ற எழுத்து தெரியும். ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்று பொருள். ஜெர்மன் தெரியாதவர் நேரெதிராகவும் எடுத்துக்கொள்ளலாம், அது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், அந்த லீவர் குத்தும் ஊசியைத் தொடுவதே இல்லை. ஊசியை விடுவிக்கிற, பக்கவாட்டில் இருக்கும் ஒரு பட்டையை அசையவிடாமல் பிடிப்பதோடு சரி. சுத்தம் செய்யக் குழலும் மேல்பாகமும் சேர்ந்து கழன்று வரும்போது லீவர் கீழ்ச்சட்டத்திலேயே தங்கிவிடும். பட்டையோ மேல்பாகத்தோடு வந்து வெளியே தெரியும். அறையில் தோட்டாவும், ஊசி இழுபட்ட நிலையிலும் இருந்தால், கட்டைவிரல் தெரியாமல் அந்தப் பட்டையை அழுத்தினாலே வெடிக்கும். விசையும் வேண்டாம், பிடியும் வேண்டாம். மேலே ‘கெலாடன்’, அதாவது தோட்டா இருக்கிறது என்று காட்டும் பகுதி ஒன்று உண்டு. துருப்பிடித்த பழைய துப்பாக்கியில் அதையும் நம்ப மாட்டேன். திறந்து பார்த்தால்தான் மனசு ஆறும்.

அதே நினைவுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சக்கிமுக்கிக் கல் பிஸ்டல் பல வருடமாகக் கிடந்தது. குதிரை பாதி நிலையில் நின்றது, ஆகவே ஆபத்தில்லை என்று எல்லோருக்கும் நினைப்பு. ஒரு மரக்குச்சியைக் குழல் வழியே அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டேன். குச்சியை வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி, கோட்டை வாய் விளிம்புக்கு நேராக வைத்தேன். குச்சியின் நுனி பற்றுத்துளை (மருந்துக்குத் தீ போகும் துளை) வரைக்கும் வர வேண்டும். இரண்டு விரல் அகலம் குறைந்தது. உள்ளே வெடிமருந்தும் குண்டும் கிட்டித்தபடியே இருந்தன! தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, திருகுமுனைக் கம்பியால் குண்டை வெளியே எடுக்க அரை நாள் ஆயிற்று. அதுவரை அந்தப் பிஸ்டலை எத்தனை பேர் கையில் வாங்கி, விளையாட்டாக யார் யாரைக் குறிபார்த்தார்களோ தெரியாது.

அந்தப் பட விளக்கத்தை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். அப்படியே இன்னொன்று: படத்தில் அந்தச் சேகரிப்பாளரின் விரல் விசை மேலேயே இருக்கிறது. இனி ரிவால்வர் படம் போடுவதானால், தோட்டா போடும் கதவைத் திறந்து வைத்து, அறை காலியாக இருப்பது தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைக்குமா பாருங்கள்.

– முன்னாள் ராணுவ ஆர்மரர், வேலூர்