காரைப் பார்த்து வழியைப் போடுங்கள்: பழங்காலக் கார்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பழங்காலக் கார்கள் கூட்டமாகப் போகும் பயணங்களுக்கு நாள் குறிப்பதும், வழி தேடுவதும், அனுமதி வாங்க அலைவதும் நீங்கள்தான். நீங்கள் அந்தப் பாடு படாவிட்டால் இந்தக் கார்களில் பல, உறை போட்ட இடத்திலேயே கிடந்து வீணாகும். ஓடாத காரில் பிரேக் சிலிண்டர் துருவேறி இறுகும். பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளையை அடைக்கும். ஆயில் சீல் காய்ந்து கசியும். ஓட்டினால்தான் இந்தக் கார்கள் உயிரோடு இருக்கும். ஓட்ட வாய்ப்பு ஏற்படுத்தித் தருகிறீர்கள் என்ற நன்றியோடுதான் இதை எழுதுகிறோம். நாங்கள் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வழியையும் நேரத்தையும் முடிவு செய்யும்போது, வரப்போகிற கார்களிலேயே மெதுவானது எது, சீக்கிரம் சூடேறுவது எது, பிரேக் குறைவாகப் பிடிப்பது எது என்று பார்த்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள். நடுவழியில் நின்றுபோகும் பல கார்களின் கோளாறு, வழித்தடத்தைக் காகிதத்தில் போட்ட அன்றே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஊர்வலம். கொடியசைத்துத் தொடங்கி வைத்து, கூட்டத்துக்கு நடுவே நடை வேகத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கார்களை நகர்த்துவது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய காருக்கு இதைவிடக் கடினமான ஓட்டம் கிடையாது. ஃபேன் நேரடியாக இன்ஜினோடு சுற்றுவதால், இன்ஜின் மெதுவாக ஓடினால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. டைனமோவும் அந்த வேகத்தில் சார்ஜ் ஏற்றாது. 6 வோல்ட் காரில் 36 வாட் பல்புகள் இரண்டு எரிந்தாலே 12 ஆம்பியர் போகிறது. புகைப்படத்துக்காக விளக்கைப் போடச் சொன்னால் அத்தனையும் பேட்டரியிலிருந்துதான் போகும். முதல் கியரே நடை வேகத்தைவிட அதிகம் என்பதால் ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவார், பிளேட் கருகும். இதையெல்லாம் தாண்டி, கொதிக்கும் ரேடியேட்டரோடுதான் கார் நெடுஞ்சாலைக்கு வருகிறது. மக்கள் பார்க்க வேண்டுமென்றால் கார்களை ஒரு திடலில் நிறுத்திக் காட்டுங்கள். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்புங்கள். கார் கிளம்பும் ஓசையைத் தனித்தனியாகக் கேட்கும் சுகமும் அப்போதுதான் கிடைக்கும்.

அடுத்தது, நிறுத்தங்கள். தேநீருக்கு 15 நிமிடம், படம் எடுக்க 20 நிமிடம் என்று நிகழ்ச்சிநிரலில் எழுதுகிறீர்கள். வெயில் நாளில் இந்த 15 முதல் 25 நிமிட நிறுத்தம்தான் மிக மோசமானது. காரணம் இது: இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, காற்றோட்டமும் நிற்கிறது, ஆனால் இரும்புக்குள் இருக்கும் சூடு போக இடமில்லாமல் மேலே ஏறுகிறது. கார்புரேட்டர் கிண்ணமும், இன்ஜின் பக்கத்தில் பொருத்திய பெட்ரோல் பம்பும், அவற்றுக்கு இடையே உள்ள குழாயும் ஓடும்போது இருந்ததைவிட நின்றபின் அதிகம் சூடாகின்றன. இன்றைய பெட்ரோல் இந்தக் கார்கள் பிறந்த காலத்துப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகிறது. குழாயில் ஆவி நிரம்பினால் பம்ப் அதை இழுத்துத் தள்ள முடியாமல் சும்மா அடித்துக்கொண்டிருக்கும். செல்ஃப் சுற்றும், கார் கிளம்பாது. ஓட்டுநர் பெட்ரோல் கலவையைக் கூட்டும் சோக்கை இழுப்பார், பிளக் நனையும், பேட்டரி இறங்கும்.

ஆகவே நிறுத்தம் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும், அல்லது முக்கால் மணி நேரம் தாண்டட்டும். நின்றதும் பானெட்டைத் திறக்க இடம் விட்டு கார்களை நிறுத்தச் செய்யுங்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தைத் தேடுங்கள். ஏற்றத்திலிருந்து வந்த கார் அணைப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் சற்றே கூடுதல் ஐட்லிங்கில் ஓடட்டும். கிளம்பாத காருக்கு, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதே முதல் மருந்து. சூடான இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்ற யாரையும் விடாதீர்கள்; சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. டேங்க் அருகே துணை மின்பம்ப் வைத்திருக்கும் கார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மறைவாகப் பொருத்திய துணை பம்ப், ரேடியேட்டருக்கான மின்விசிறி, பேட்டரி துண்டிப்பு சுவிட்ச், பிரகாசமான பிரேக் விளக்கு ஆகியவற்றுக்காக, கார்களை மதிப்பிடும்போது சில இடங்களில் மதிப்பெண் குறைக்கிறார்கள். இது சரியல்ல. பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமே, பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ செய்யும் மாற்றம் கண்ணை உறுத்தாமலும் திரும்பக் கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. சாலையில் ஓடும் காரைக் கண்காட்சி காரின் அளவுகோலால் அளக்காதீர்கள்.

பதிவுப் படிவத்தில் காரின் பெயர், ஆண்டு, உரிமையாளரின் சட்டை அளவு இவற்றைத்தான் கேட்கிறீர்கள். சிரமமில்லாமல் நாள் முழுக்க ஓடும் வேகம், ஒரு டேங்குக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை சக்கரத்தில் பிரேக், அது கம்பியால் இழுப்பதா ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்குவதா என்பவற்றையும் கேளுங்கள். பதில்கள் வழியையே மாற்றிவிடும். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முன்னோக்கிப் போக இரண்டே கியர். பெரும்பாலானவற்றில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானே இறங்கி வர வேண்டும். டேங்க் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் கார்புரேட்டர் டேங்கைவிட உயர்ந்துவிடும், இன்ஜின் அணைந்துபோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் ரிவர்சில் ஏறினார்கள். அப்படியொரு கார் வருகிறதென்றால் ஏற்றத்துக்கு முன்பே பெட்ரோல் நிரப்பும் இடம் வேண்டும். 1930க்கு முந்தைய ஆஸ்டின் செவனில் கால் பிரேக் பின்சக்கரங்களையும் கைப்பிரேக் முன்சக்கரங்களையும் தனித்தனியாகப் பிடிக்கும். அதன் ஓட்டுநருக்கு இறக்கத்தின் முடிவில் சிக்னல் வைத்த வழியைக் கொடுப்பது கொடுமை.

மலை வழி அழகானது, வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். காலைக் குளிர்ச்சியில் ஏறும்படி வையுங்கள். உயரம் கூடக்கூட ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. 2000 மீட்டர் உயரத்தில், அழுத்தமில்லாத ரேடியேட்டர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். இறங்கும்போது சிக்கல் பிரேக்கில். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பதை வழிநூலில் (ஓட்டுநர்களுக்குத் தரும் வழிக்குறிப்புப் புத்தகத்தில்) அந்த இறக்கத்துக்கு முந்தைய பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறினால் விரிந்து, ஷூவின் மேல் ஒட்டிய உரசுபட்டையான லைனிங்கிலிருந்து விலகும், பெடல் கீழே போகும். பழைய பிரேக் ஆயில் என்றால் இன்னும் ஆபத்து: டாட் 4 எனும் தர வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. இறக்கத்தின் அடிவாரத்தில் நிறுத்தினால் கைப்பிரேக் போட வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கட்டும். சூடான டிரம் சுருங்கும்போது ஷூவை இறுகப் பற்றிக்கொள்ளும்.

முதல் நாள் முதல் நிறுத்தத்தைத் தொடக்க இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் வையுங்கள், ஐந்தே நிமிடத்துக்கு. அங்கே ஒரு மெக்கானிக் ஒவ்வொரு காரையும் சுற்றி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும், தொட வேண்டியதில்லை. நான்கில் ஒன்று மட்டும் சூடு என்றால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பிப்போய் ஆயிலைப் போகவிட்டு, திரும்பவிடாமல் தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். நான்குமே சூடு என்றால் பெடலைப் பாருங்கள்: பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், ஓட ஓட பிரேக் தானாக இறுகும். தள்ளுகோலின் நட்டைச் சற்றுத் திருகினால் தீர்ந்துபோகும் காரியம். கவனிக்காமல் விட்டால் லைனிங் புகையும். அதே நிறுத்தத்தில் சக்கர நட்டுகளையும், கம்பிச் சக்கரமென்றால் நடு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மாலைச் சோதனையில் துடைத்த குரோமியத்தைப் பார்த்து நேரம் போக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அனுப்பாதீர்கள், ஸ்டெப்னியும் இதில் சேர்த்தி. பெட்ரோல் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை மெதுவாக அரித்துவிடும், வெடிப்பு வளைவில்தான் தெரியும். ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிவிட்டு, சக்கரம் அசையும்வரை எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று பாருங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல.

கார்களை ஒரே சங்கிலியாக ஓட்டாதீர்கள். பின்னால் வரும் லாரியும் பேருந்தும் முந்த முடியாமல் எரிச்சலடைந்து, வளைவில் முந்தப் பார்க்கும். நான்கு ஐந்து கார்கள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். தன் பின்னால் வரும் காருக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு. கண்ணாடியில் தெரியவில்லையென்றால் அடுத்த திருப்பத்தில் நின்று காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் கைபேசி இணைப்பு இல்லாத இடத்திலும் ஒருவரும் தொலைந்துபோக மாட்டார்கள். வழிநூலில் டூலிப் படங்கள் (ஒவ்வொரு திருப்பத்தையும் அம்புக்குறியால் காட்டும் சிறு படங்கள்) போடுங்கள், கூடவே தொடக்கத்தில் அளந்த ஐந்து கிலோமீட்டர் ஒன்றைக் காட்டுங்கள். டயர் அளவு மாறிய காரில் மீட்டர் தவறாகக் காட்டும். எவ்வளவு தவறு என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

கடைசியில் வரும் உதவி வண்டியில் டிரெய்லரோடு 20 லிட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ஹோஸ், கிளிப், ஒயர், ஃபேன் பெல்ட்டுக்கு மாற்றாக இணைத்து நீளம் மாற்றும் பெல்ட், இரண்டு டன் ஜாக்கி இருக்கட்டும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பின் பாகங்களான பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் ஆகியவை காருக்குக் கார் மாறும். அதை உரிமையாளரே கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் காரில் பெட்ரோலைத் தேடிக்கொண்டிருக்காமல் கண்டென்சரை மாற்றிப் பார்த்தால் நேரம் மிச்சமாகும். பாயிண்ட் இடைவெளி பல கார்களுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

இதையெல்லாம் செய்தால் ஒரு நாளைக்கு 120, 150 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதே என்பீர்கள். போக வேண்டாம். லண்டனிலிருந்து பிரைட்டன் வரை நடக்கும் ஓட்டத்தைப் பாருங்கள். 1905க்கு முன் செய்த கார்களுக்கு மட்டும். தூரம் ஏறத்தாழ 60 மைல். சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. யார் முதலில் வந்தார் என்ற கணக்கே கிடையாது. 1896இல் நடந்த முதல் ஓட்டத்தின் நினைவாக 1927 முதல் நடத்தி வருகிறார்கள். தூரம் குறைந்தால் மாலை நாலு மணிக்கே எல்லாரும் வந்து சேரலாம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் கார்புரேட்டரை இன்னொருவர் டியூன் செய்து, கிரீஸ் கன்னைக் கைமாற்றிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நாங்கள் வருகிறோம். பல ஆண்டாக யாருக்கும் பிடிபடாத இரைச்சலுக்கு வயதான மெக்கானிக் ஒருவர் காது வைத்துக் கேட்டே காரணம் சொல்வது அங்கேதான். இருட்டிய பின் வந்து சேர வைத்தால் அது நடக்காது.

பயணம் முடிந்ததும் எந்தக் கார், எத்தனையாவது கிலோமீட்டரில், எதனால் நின்றது, எப்படிச் சரியானது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். அடுத்த பயணத்துக்கு வரைபடத்தை விரிக்கும்போது அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழி பார்க்கப் போகும் நாளில், மெதுவான பழைய கார் ஒன்றிலேயே போய் வாருங்கள். கார் தர நாங்கள் தயார்.

அன்புடன்,
பழங்காலக் கார்களை ஓட்டியும் பழுது பார்த்தும் வருபவர்கள்