41-ம் 34-ம்: என் கணக்கைத் திருத்தியவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ருமேனியப் படை ஓட்டிய பிரெஞ்சு இலகுரக டாங்கிகளைப் பற்றி நான் ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, நான் எதற்காக வேளைகெட்ட வேளையில் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்தேன் என்பதே இந்த மடலைப் படித்தால்தான் புரியும். நன்றி சொல்லப் புத்தகத்தில் ஒரு பக்கம்தான் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு பக்கத்தில் பெயர்களை அடுக்கிவிடலாம். யார் எந்தத் தப்பைத் திருத்தினீர்கள் என்று சொல்ல இடமிருக்காது. எனக்கு அதுதான் முக்கியம். உங்களில் சிலர் பெயர் வேண்டாம் என்றீர்கள். சிலர் பெயரைப் போட்டு சிலருடையதை விட மனசு வராததால் இங்கே யார் பெயரும் இல்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும்.

முதல் கடன் புக்கரெஸ்ட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. ஆர்-1, ஆர்-2, ஆர்-35 என்று ருமேனிய டாங்கிப் பட்டியலில் பார்த்ததும், மூன்றுமே பிரெஞ்சு ரெனோ கம்பெனியின் டாங்கிகள் என்று நானாக முடிவுகட்டி நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். பெருமையாக அனுப்பியும் வைத்தேன். ஆர்-1, ஆர்-2 இரண்டும் செக் நாட்டு வண்டிகள், அந்த 'ஆர்' ருமேனியர்கள் வைத்த எழுத்து, ஆர்-2 என்பது ஸ்கோடா ஆலையிலிருந்து வந்த 126 வண்டிகள், ரெனோவின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஆர்-35-ல் மட்டும்தான் என்று மூன்றே வரியில் பதில் வந்தது. நாற்பது பக்கமும் பழைய பேப்பர்காரரிடம் போயின. அதன் பிறகு, ருமேனிய மொழியை நானே தட்டுத்தடுமாறி வாசிக்கும் வரை அவர் விடவில்லை. டாங்கியை அங்கே 'கார் தெ லுப்த்த' என்கிறார்கள், போர் வண்டி என்று பொருள். வைக்கோல் ஏற்றிவரும் மாட்டு வண்டிக்கும் 'கார்' என்றுதான் பெயர் என்று அவர் சொன்ன அன்றிலிருந்து எனக்கும் இவை டாங்கிகள் இல்லை, வண்டிகள். இந்த மடலிலும் அப்படியே வரும்.

புக்கரெஸ்ட் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் காவலுக்கு நின்ற பெரியவர் அடுத்து. அங்கே ரெனோவின் பழைய இலகுரக டாங்கியான எஃப்டி ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் ருமேனியா வாங்கிய 76 எஃப்டிகளின் வாரிசு. அவற்றில் 48-ல் 37 மி.மீ. பீரங்கி, மற்ற 28-ல் இயந்திரத் துப்பாக்கி. ஆறரை டன் எடை, மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம். நம் கிராமத்துச் சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே முந்திப் போய்விடுவார். அளந்து பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன். தொடக் கூடாது என்று சைகையிலேயே மறுத்தார். நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்தாரோ என்னவோ, என் கையிலிருந்த அளவுநாடாவை வாங்கிக்கொண்டு தானே குனிந்து, வளைந்து, அரை மணி நேரம் அளந்து, ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார். புத்தகத்தில் இருக்கும் எஃப்டி வரைபடம் அவர் குரலிலிருந்து வந்தது. இந்தத் தாத்தா வண்டிகள் போர்க்காலத்தில் பயிற்சிக்கும் காவலுக்கும்தான் ஆயின. ஆனாலும் 1944 ஆகஸ்ட் 23-ல் ருமேனிய அரசர் மிஹாய் ஆட்சியைக் கைப்பற்றி, அதுவரை கூட்டாளியாக இருந்த ஜெர்மனியோடு உறவை முறித்தபோது, ஆலைகளையும் நகரங்களையும் ஜெர்மானியர் கையில் விடாமல் காத்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு. இருபத்தைந்து வயதான வண்டிக்கு அது போதாதா?

பிரெஞ்சுக் காகிதங்களுக்கு நான் புதுச்சேரிக்குப் போனேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர் ஒருவர், கண்புரை அறுவை முடிந்த மூன்றாம் வாரமே, ஆர்-35-ன் கையேட்டுப் பிரதியை என்னோடு உட்கார்ந்து படித்தார். அகராதி தரும் பொருள் வேறு, பாசறையில் சொல்லும் பொருள் வேறு என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டினார். பீரங்கியைப் பற்றிய பக்கம் வந்தபோது நிறுத்தி, "இது 1918 மாடல்னு போட்டிருக்கே, வண்டி எந்த வருஷம் வந்ததுன்னீங்க?" என்றார். ருமேனியாவுக்கு வந்தது 1939-ல் என்றேன். சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. எஃப்டியில் இருந்த அதே 37 மி.மீ. குட்டைப் பீரங்கிதான் ஆர்-35-லும். கவசம் 40 மி.மீ. தடிமனுக்கு வளர்ந்துவிட்டது, எடை பத்து டன்னாகிவிட்டது, பீரங்கி மட்டும் அப்பனுடையது. குண்டு நொடிக்கு 400 மீட்டர்கூட எட்டாது. காலாட்படையோடு நடந்து போய் இயந்திரத் துப்பாக்கிக் கூடுகளை உடைக்கத்தான் இந்த வண்டியைக் கட்டினார்கள். எதிரில் இன்னொரு டாங்கி வரும் என்ற கவலை பிறகு வந்தது.

உள்ளே இரண்டே பேர் என்பதன் கஷ்டத்தையும் அவர்தான் உணரவைத்தார். ஓட்டுநர் ஒருவர். மேலே சுழலும் கூண்டில் தளபதி ஒருவர். பார்ப்பது, குண்டு போடுவது, குறிவைப்பது, சுடுவது, ஓட்டுநருக்கு வழி சொல்வது எல்லாம் அந்த ஒரே ஆள். கூண்டின் உச்சியில் திறப்புக் கிடையாது. வெளியே பார்க்க வேண்டுமானால் பின்பக்கக் கதவை மடக்கி அதன் மேலேயே உட்கார வேண்டும். "சண்டையில எவன் அங்க போய் உட்காருவான்?" என்றார் பெரியவர். ஐயா, அந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையிலேயே புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

இனி, தலைப்பில் உள்ள கணக்கு. ருமேனியாவிடம் இருந்த ஆர்-35 வண்டிகள் 75. எல்லாம் பிரான்ஸிலிருந்து வாங்கியவை என்றுதான் என் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். போலந்துப் படை வரலாற்றில் ஊறிய நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதியது தெரிகிற மாதிரி ஒரு கடிதம் அனுப்பினார். ருமேனியா முதலில் உள்நாட்டிலேயே உரிமம் பெற்று 200 வண்டிகள் கட்டப் பார்த்தது, அது நடக்கவில்லை. நேரடியாக வாங்க முயன்றதில் வந்து சேர்ந்தவை 41. மற்ற 34 போலந்தின் 21-வது இலகுரக டாங்கி பட்டாலியனுக்குச் சொந்தமானவை. லூட்ஸ்கில் இருந்த அந்தப் பட்டாலியன் பிரான்ஸ் கொடுத்த புத்தம்புது வண்டிகளோடு இருந்தது. 1939 செப்டம்பர் 1-ல் மேற்கிலிருந்து ஜெர்மனி, 17-ல் கிழக்கிலிருந்து சோவியத். நாடே கைநழுவிப் போன நேரத்தில் அந்த 34 வண்டிகளும் எல்லை தாண்டி ருமேனியாவுக்குள் வந்தன. பின்தங்கிய சில வண்டிகள் போலந்து மண்ணிலேயே சண்டையிட்டு அழிந்தன.

நான் 'ருமேனியாவுக்குக் கிடைத்தது' என்று எழுதியிருந்த சொல்லை அவர் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். கிடைத்தது இல்லையாம், எங்களிடமிருந்து போனதாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். எண்ணிக்கைத் தப்பைவிட அந்தச் சொல் பெரிய தப்பு. உங்கள் கோபத்துக்கு நன்றி நண்பரே, அது இல்லாமல் மூன்றாம் அத்தியாயமே இல்லை.

ஆறாம் அத்தியாயத்தை மூன்று முறை எழுத வைத்தவர் என் பழைய வகுப்புத் தோழி, இப்போது கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் மண்ணில் இறங்கிய ருமேனியாவின் முதலாவது கவச டிவிஷன் ஆர்-2 வண்டிகளோடு வேகமாகப் பாய்ந்தபோது, மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாத ஆர்-35 ஈடுகொடுக்க முடியவில்லை. ஆர்-35 ரெஜிமென்ட்டைப் பிரித்து நான்காம் சேனையின் காலாட்படையோடு அனுப்பினார்கள். சோவியத் துறைமுக நகரமான ஒதேசாவின் முற்றுகையில் இரண்டு மாதத்துக்கு மேல் தேய்ந்தது அது. அக்டோபர் 16-ல் நகரம் விழுந்தது. நான் அதோடு அத்தியாயத்தை முடித்து, 'வண்டிகள் தாயகம் திரும்பின' என்று ஒரு வரியும் போட்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அடுத்த வாரம் அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?"

தெரியாமல் இல்லை. அக்டோபர் 22-ல் நகரத்து ருமேனியத் தலைமையகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க ருமேனிய சர்வாதிகாரி அன்தொனெஸ்குவின் உத்தரவில் சில நாட்களுக்குள் பல்லாயிரம் யூதர்கள் சுடப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். டாங்கிப் புத்தகத்தில் அது எதற்கு என்று நினைத்துவிட்டேன், அவ்வளவுதான். இரும்பையும் ரிவெட்டையும் நேசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வியாதி உண்டு. அந்த நகரத்தைப் பிடிக்க உதவிய வண்டியின் கதையில் அந்த வாரம் இல்லாமல் இருக்க முடியாது என்று பிடிவாதமாக நின்றாள். இப்போது ஆறாம் அத்தியாயம் அந்த வாரத்தோடு முடிகிறது. தாயகம் திரும்பிய வரி போய்விட்டது.

கோவை பவுண்டரி அண்ணனுக்கு நான் பட்ட கடனைச் சொல்ல வேண்டும். 1942 குளிர்காலத்தில் ஸ்டாலின்கிராட் பக்கம் ஆர்-2 வண்டிகள் சோவியத்தின் டி-34 டாங்கிகளுக்கு முன்னால் என்ன ஆயின என்று பார்த்த பிறகு, கையில் இருக்கும் வண்டிகளுக்கு நல்ல பீரங்கி போட்டாக வேண்டும் என்று ருமேனியர்களுக்குத் தெரிந்துவிட்டது. கோன்ஸ்தாந்தின் கியுலாய் என்ற ராணுவப் பொறியாளர் தலைமையில், கைப்பற்றிய சோவியத் டாங்கிகளின் 45 மி.மீ. பீரங்கியை ஆர்-35-ல் ஏற்றப் பார்த்தார்கள். மாதிரி வண்டி 1943 பிப்ரவரி வாக்கில் தயார். அந்தப் பீரங்கியின் குண்டு நொடிக்கு 760 மீட்டர் போகும். சரி, ஒரு ஆள் உட்காரவே திணறும் கூண்டுக்குள், சுட்டால் பின்னுக்கு உதைக்கும் அவ்வளவு பெரிய பீரங்கியை எங்கே வைத்தார்கள்? எட்டு மாதம் நான் மாட்டிக்கொண்டிருந்த இடம் அது. மங்கலான ஒரு புகைப்படம் மட்டும் கையில்.

அண்ணன் அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மூஞ்சியில தனியா ஒண்ணு ஒட்டியிருக்கு பாருங்க தம்பி. அது கூண்டோட வந்ததில்லைங்க, வேற பேட்டர்ன், வேற காஸ்டிங். உதைக்கிற சமாச்சாரமெல்லாம் அதுக்குள்ள போயிருச்சு. கூண்டுக்குள்ள இடமே கேக்கல." டீ ஆறுவதற்குள் முடிந்தது விஷயம். பிறகு பார்த்ததில் சொல்லுக்குச் சொல் சரி: கூண்டின் முன்பக்கத்தை நீட்டும் அந்த வார்ப்பு ப்ளொயெஷ்ட்டியின் கொன்கோர்தியா ஆலையில் உருவானது, பீரங்கிகளைத் தர்கோவிஷ்ட்டே படைக்கலக் கிடங்கில் புதுப்பித்தார்கள், புக்கரெஸ்ட்டின் லெயோனிதா பட்டறையில் 30 வண்டிகளுக்குப் பூட்டினார்கள். பீரங்கியோடு இணைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிக்கு இடமில்லாமல் அது போனது. கூண்டுக்குள் ஆள் அதே ஒருவர்தான். 'டாங்கி வேட்டைக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். பிரெஞ்சு உடம்பு, சோவியத் பீரங்கி, சிலவற்றில் போலந்துக்காரர்கள் ஓட்டிவந்த என்ஜின். 1945-ல் அவற்றில் எஞ்சியவை செக்கோஸ்லோவாக்கியாவிலும் ஆஸ்திரியாவிலும் ஜெர்மானியரை எதிர்த்துப் போயின, இந்த முறை சோவியத் படையோடு சேர்ந்து.

பிடெஷ்ட்டி ராணுவ ஆவணக்காப்பகத்து வாசிப்பறை அக்காவுக்கு: நான் தப்பாக எழுதிக் கொடுத்த கோப்பு எண்களை ஒவ்வொரு முறையும் அமைதியாகத் திருத்திக்கொண்டு, சரியான கோப்பையே கொண்டுவந்து வைத்தீர்கள். நன்றி சொன்னபோதெல்லாம் தலையாட்டியதோடு சரி. நீங்கள் ருசி பார்த்துவிட்டு முகம் சுளித்த ஊறுகாயை இனிமேல் யாருக்கும் எடுத்துவர மாட்டேன்.

வீட்டில் இருப்பவளுக்கு இங்கே எதுவும் எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதவில்லை.

பிரதிகள் அடுத்த மாதம் அஞ்சலில் வரும். போலந்து நண்பருக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் தமிழ் வாசிக்க வராது. படங்களுக்குக் கீழே அவரவர் மொழியில் கையால் எழுதி அனுப்புகிறேன், எழுத்துப் பிழைகளை வழக்கம்போலத் திருத்திவிடுங்கள். அருங்காட்சியகப் பெரியவருக்கு மட்டும் முகவரி தெரியாது, நானே கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். அன்று கிளம்பும் அவசரத்தில் அளவுநாடாவைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன். ஐயா, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் கடனுடனும்,
உங்கள் கேள்விக்காரன்