தண்டப்பணம் கட்டினாலும் பதிவு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றியது, காட்டில் முதிரை தறித்தது, கசிப்பு வைத்திருந்தது, வேலிச் சண்டையில் கைகலந்தது. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிவான் நீதிமன்றங்களுக்கு வரும் இப்படியான வழக்குகளில் பலர் முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். தவணைக்குத் தவணை பஸ் காசும் நாட்கூலியும் போகுமே என்பது அவர்களின் கணக்கு. தண்டப்பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். கட்டாருக்கோ கனடாவுக்கோ போகப் பொலிஸ் ரிப்போட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், அன்று ஒப்புக்கொண்டது குற்றத்தீர்ப்பாகப் பதிந்து கிடப்பது தெரியவருகிறது.

பதிவை அழித்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் தரகர்களிடம் யாரும் ஏமாற வேண்டாம். வயது வந்த ஒருவரின் குற்றத்தீர்ப்பை இத்தனை வருடம் கழிந்தால் நீக்கலாம் என்று சொல்லும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கலாம்தான். மணல் வழக்குக்காரர் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

ஆகவே கவனமெல்லாம் தீர்ப்புக்கு முன்னர் இருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வயது, நன்னடத்தை, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலேயே எச்சரித்து விடுவிக்க நீதிவானுக்கு அது அதிகாரம் தருகிறது. மூன்று வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைமுறியில், அதாவது ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதியில், விடுவிக்கவும் முடியும். இது எல்லாக் குற்றத்துக்கும் கிடைக்காது. கிடைக்கக்கூடிய இடத்திலும் சட்டத்தரணி வாய் திறந்து கேட்க வேண்டும். தீர்ப்புப் பதிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. முதல் குற்றம் என்பதையும், படிப்பு அல்லது வெளிநாட்டு வேலை வாய்ப்பு பாதிக்கப்படும் என்பதையும் கடிதங்களோடு காட்டுவது நல்லது. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் ஒப்புக்கொள்வதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகட்டும். அயலவர் சண்டை போன்றவற்றில் மத்தியஸ்த சபையிலோ, சட்டம் இடங்கொடுத்தால் நீதிமன்றத்திலோ இணக்கமாகத் தீர்த்துக்கொண்டால் குற்றத்தீர்ப்பே வராது.

தீர்ப்பு வந்துவிட்டால் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்த வழியும் மிக ஒடுங்கியது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வழக்கில் விடுதலையானவர்கள், அல்லது முறைப்பாடு மீளப்பெறப்பட்டவர்கள். இவர்களிடம் குற்றமே இல்லை. ஆனால் கைதானபோது எழுதப்பட்டது பொலிஸ் பதிவில் நிற்கும், முடிவு அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. வழக்கு இலக்கத்தைத் தேடி, நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, விடுதலைக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வழக்குத் தொடுத்த பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும், ஒன்றைக் கொழும்பிலுள்ள குற்றப் பதிவுப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்றாவது கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

அனுப்பும் கடிதத்தில் பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களும் எழுத்தும், புதிய பன்னிரண்டு இலக்கங்களும் இரண்டையும் எழுதுங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் எங்கள் ஊர்களில் அடுத்தவன் வழக்கு நம் தலையில் ஏறுவது இதனால்தான். இடம்பெயர்ந்தவர்களுக்குப் பழைய முகவரிக்கு அழைப்பாணை போய், வராததால் பிடியாணை பிறந்திருக்கவும் கூடும். அதை மறைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாமல், சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் முன்னிலையாகி மீளப்பெற வையுங்கள்.

போருக்குப் பின் புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டு வெளியே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் போனவருக்குப் புனர்வாழ்வு குற்றத்தீர்ப்பு ஆகாது. ஆனால் விசா படிவங்களில் தண்டிக்கப்பட்டீர்களா என்பதும், கைதாகி அல்லது தடுத்து வைக்கப்பட்டீர்களா என்பதும் வேறு வேறு கேள்விகளாக வரும். இரண்டாவதற்கு இல்லை என்று எழுதுவது பொய். கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை உண்டு. பழைய வழக்கைவிட அது பெரிய கேடு.

அதே கனடாவில் தண்டனை முழுதும் முடிந்து, சிறு குற்றத்துக்கு 5 வருடமும் பெரியதற்கு 10 வருடமும் கழிந்தால் பதிவை ஒதுக்கி வைக்கும்படி விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் 1974இலேயே இதற்குச் சட்டம் வந்தது. ஒருமுறை மணல் ஏற்றிய இளைஞனை ஆயுள் முழுதும் துரத்த வேண்டிய தேவை நம் நாட்டுக்கும் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வழியாகக் கிளிநொச்சி மக்களைப் பிரதிநிதித்துவம் செய்பவர்களும் சேர்ந்து, தண்டப்பணத்தோடு முடிந்த சிறு குற்றங்களுக்கு ஐந்து வருடம் கழிந்தால் பதிவை நீக்கும் சட்டமூலம் ஒன்றைப் பாராளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். விடுதலைக் கட்டளையை நீதிமன்றமே நேரடியாகக் குற்றப் பதிவுப் பிரிவுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் அதிலேயே சேர்க்கட்டும்.

வாசகர்,
கிளிநொச்சி.